மனை எண் 41

ஐப்பசியில் சாத்த முடியாத கதவு
சித்திரையில் தானாகத் திறந்துகொள்கிறது.
மாதேஸ்வரன் இரண்டு முறை இழைத்துவிட்டார்.
இனி இழைக்கக் கதவுக்கு உடம்பு இல்லை.

சமையலறை ஜன்னலின் மூலையில் தொடங்கி
செங்கல் செங்கலாகப் படியிறங்கும் விரிசல்.
மேலே பத்து ரூபாய் நாணயம் செருகி நிற்கும்,
கீழே நகம் நுழையாது.
மூன்று வருஷம் மூன்று பூச்சுப் பூசினார் சீரங்கன்.
இரண்டாம் தடவை, "சிமெண்ட் இப்பல்லாம் சரியில்லைங்க."
மூன்றாம் தடவை வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு
வாஸ்து என்றார்.

இன்ஜினியர் கௌசர் பானு வந்தது மாசிக் கடைசியில்,
ஸ்கூட்டரில், குறுக்கே ஒரு கடப்பாரையோடு.
விரிசலைப் பூசச் சொல்லவில்லை.
அதன் மேல் கண்ணாடிச் சில்லொன்றை ஒட்டி
தேதி எழுதினாள்: மார்ச் 9.
"இது உடைஞ்சா வீடு இன்னும் நடக்குதுன்னு அர்த்தம்."

பிறகு குழிகள்.
கிழக்கே மூன்றடியில் சுக்கான் பாறை,
கடப்பாரை துள்ளி அவள் கையை உதறினாள்.
மேற்கே ஆறடி போயும் கறுப்பு.
உள்ளங்கையில் உருட்டினால் கயிறாகத் திரிந்தது.
நடுவில் ஒரு நத்தை ஓடு.
முப்பது வருஷ வில்லங்கச் சான்றில்
அந்த நத்தை இல்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு அளவுக்குழாய்.
சலித்த மேற்கு மண் இதில் பத்து கிராம், அதில் பத்து கிராம்.
ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய்.
"நாளைக்கு இதே நேரம் பாருங்க."

எனக்கு இது புதிதில்லை.
பதினாறு வருஷமாக சேகோ ஆலையில்
ஜவ்வரிசி ஊறுவதை அளந்து எழுதுகிறவள் நான்.
எந்தக் கிழங்கு எவ்வளவு தண்ணீர் குடித்ததென்று
விரலால் நசுக்கியே சொல்வேன்.
ஆனாலும் ராத்திரி இரண்டு தடவை எழுந்து போனேன்.
இரண்டாம் தடவை அவர் எனக்கு முன்பே அங்கே,
செல்போன் வெளிச்சத்தைக் குழாயில் பிடித்துக்கொண்டு.
மண்ணெண்ணெயில் மண் போட்ட இடத்தில் கிடந்தது.
தண்ணீரில் கோடு கோடாக ஏறிக்கொண்டிருந்தது.
"லோன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கு" என்றார்,
குழாயிடம்.

மனை பார்க்க வந்த அன்று
சேர்வராயன் மலை தெரிகிற பக்கமாக நிற்கவைத்து
பெயர்ப்பலகையைக் காட்டினார் புரோமோட்டர்:
ராக்வியூ அவென்யூ.
பொய் என்று சொல்ல முடியாது.
ஹாலுக்கும் பூஜை அறைக்கும் கீழே பாறைதான்.
சமையலறையும் படுக்கையறையும் மட்டும்
ஒரு குட்டையின் மேல் நிற்கின்றன.

பாத்திரம் கழுவிய தண்ணீரில்
மேற்குச் சுவரோரம் மூன்று வாழை வைத்திருந்தேன்.
நல்ல காய்ப்பு.
கௌசர் பானு அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை,
குறிப்பேட்டில் மட்டும் ஏதோ எழுதினாள்.
ஆறு வருஷம் அந்த மண்ணுக்கு
நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மே மாதம் கண்ணாடி உடைந்தது.
சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு பாதியையும் கம்பி போட்டு
இறுக்கிக் கட்டிவிட முடியாதா என்று கேட்டேன்.
"கட்டலாம். கம்பிக்குப் பக்கத்துல உடையும்."
ஆழத் தூண் இறக்கினால் ஒன்பது லட்சம்.
வெட்டினால் இரண்டரை.
வெட்டச் சொன்னோம்.

அறுக்கும் மிஷினோடு வந்தது சீரங்கனேதான்.
முட்டுக்கொடுத்து, வெட்டுக்கு இந்தப்புறம் ஒரு சுவர் எழுப்பி,
கூரையிலிருந்து தரைவரை
இரண்டு விரற்கடை இடைவெளி விட்டார்.
பன்னிரண்டு நாள் சோற்றில் சிவப்புத் தூசி.
வாழை போனது. சுவரைச் சுற்றிச் சரிவாக சிமெண்ட் தளம்.
கழிவுநீர்க் குழாய் தெருவரை போகிறது.
வாஸ்து பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

இந்த ஐப்பசி மழையில் கதவு சாத்துகிறது.
ஆனால் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக
இப்போது ஒரு சின்னப் படி.
மழைக்கு அரை விரல் ஏறும், வெயிலுக்கு இறங்கும்.
எங்கள் கால்களுக்குப் பழகிவிட்டது.
விருந்தாளிகள்தான்
காப்பித் தட்டோடு தடுக்குகிறார்கள்.